கூட்டிப்போட்ட எட்டு

காலை ஆறரை மணிக்கு அந்த ரத்தப் பரிசோதனை லேபில் முதல் ஊசி ஏறுவது நோயாளியின் கையில் அல்ல, பெரியக்காவின் இடது கையில். இருபத்தொரு வருடங்களாக அதுதான் வழக்கம். தம்பி ரப்பர் பட்டையைக் கட்டுவான். பெரியக்கா முகத்தைத் திருப்பாமல் ஊசி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். டியூப் நிறைந்ததும் அவளே பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்துவிடுவாள்.

அப்பா ஏற்படுத்திய முறை அது. மெஷின் சரியாக அளக்கிறதா என்று பார்க்க, அளவு தெரிந்த சீரம், அதாவது ரத்தத்தின் தெளிநீர், சின்னச் சின்ன பாட்டில்களில் விற்பனைக்கு வரும். கன்ட்ரோல் என்பார்கள். பாட்டிலில் எழுதியிருக்கும் எண்ணும் மெஷின் சொல்லும் எண்ணும் ஒத்துப்போனால் மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்பா லேபைத் தொடங்கிய காலத்தில் அந்தப் பாட்டில்கள் நினைத்த நேரத்தில் கிடைக்கவில்லை. பாட்டில் இல்லாத ஒரு நாள் அவர் தன் சட்டைக் கையை மடித்துவிட்டார். தன் ரத்தத்தில் எது எவ்வளவு இருக்கும் என்று அவருக்கு மனப்பாடம். பிறகு பாட்டில்கள் வரத் தொடங்கின. வந்த பிறகும் அவர் விடவில்லை. பாட்டில் ஒரு சாட்சி, நம் ரத்தம் இன்னொரு சாட்சி என்றார். அவருக்குப் பிறகு பெரியக்கா உட்கார்ந்தாள்.

அவள் எண்கள் எல்லாம் ஒரு பச்சை அட்டை நோட்டில் இருந்தன. சோடியம், அதாவது ரத்தத்தில் இருக்கும் உப்பு, நூற்று நாற்பது. மறுநாள் நூற்று நாற்பத்தொன்று. அதற்கு மறுநாள் நூற்று முப்பத்தொன்பது. அதைத் தாண்டி அது அசைந்ததே இல்லை. "நம்ம வீட்டு ரத்தம் ஆடாது" என்பது அந்தக் குடும்பத்தில் பெருமையாகச் சொல்லப்படும் பேச்சு. நோய்க்கு லீவு போட்டவர்கள் அந்தக் குடும்பத்தில் குறைவு. ஊரில் இருந்த டாக்டர்கள் அவர்கள் ரிப்போர்ட்டை மறுபடி சரிபார்க்கச் சொல்வதில்லை. பெரியக்கா கையெழுத்துப் போட்டால் அந்த எண் எண்தான்.

இந்த நிலையில்தான் ஊரில் இருமல் காய்ச்சல் பரவியது. வைரஸ் காய்ச்சல். மூக்கில் தொடங்கி நெஞ்சுக்கு இறங்கி ஒரு வாரம் படுக்கப் போட்டுவிட்டுப் போகும். லேபில் கூட்டம் தெருவரை நின்றது. தம்பி இரண்டு கையாலும் ரத்தம் எடுத்தான் என்று சொல்லலாம். முன்மேசையில் இருந்த தம்பி மனைவி, எல்லோரும் சின்னவள் என்று கூப்பிடுகிறவள், பெயரும் வயதும் எழுதி எழுதி விரல் வீங்கிப்போனாள்.

ரிப்போர்ட் வாங்க வருகிறவர்களுக்குப் பெரியக்காவே விளக்கம் சொன்னாள். "வெள்ளை அணு கொஞ்சம் எறங்கியிருக்கு, இந்தக் காய்ச்சலுக்கு அப்படித்தான் எறங்கும். ஈரல் நம்பர் ரெண்டு படி ஏறியிருக்கு, பதறாதீங்க, தானா எறங்கிடும். சோடியம் கொஞ்சம் கம்மி. வெறும் தண்ணியா குடிச்சுத் தள்ளாம டாக்டர்கிட்ட காட்டுங்க." பத்து நாளில் நூறு பேருக்காவது இதைச் சொல்லியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தொண்டை கரகரத்தது.

திங்கட்கிழமை காலை தம்பி பட்டையைக் கட்டும்போதே கேட்டான். "என்னக்கா, கை சுடுது?"

"வெந்நீர் கிளாஸைப் பிடிச்சுட்டிருந்தேன். குத்து."

"மூக்கு ஒழுகுது."

"தூசி. அலமாரியை நீ தொடச்சு எத்தனை நாளாச்சு? பேசாம குத்துடா."

அன்று மெஷின் சோடியம் நூற்று முப்பத்து நான்கு என்றது. பெரியக்கா சீரத்தை மறுபடி வைத்தாள். மறுபடியும் நூற்று முப்பத்து நான்கு. சர்க்கரையும் ஈரல் எண்ணும் கொஞ்சம் மேலே நின்றன. அவள் மெஷினைச் சந்தேகமாகப் பார்த்தாள். சந்தேகப்படக் காரணமும் இருந்தது. சனிக்கிழமைதான் மெஷினுக்குத் தண்ணீர் போகும் குழாயில் வடிகட்டி மாற்றியிருந்தார்கள். சோடியம் அளக்கும் பகுதியும் பழையது, அடுத்த மாதம் மாற்ற வேண்டியது.

கன்ட்ரோல் பாட்டில் வைத்துப் பார்த்திருந்தால் அப்போதே விஷயம் முடிந்திருக்கும். ஆனால் பாட்டில் வெள்ளிக்கிழமையே தீர்ந்துபோயிருந்தது. புதிய பெட்டி எங்கேயோ ஒரு கிடங்கில் மாட்டிக்கொண்டு வந்துசேரவில்லை.

"மூலைக்கடை லேப்ல ஒரு பாட்டில் கேட்டா குடுப்பாங்க, அண்ணி" என்றாள் சின்னவள். தெருமுனையில் இருந்த அந்த லேபை நடத்தியவர் ஒரு காலத்தில் அப்பாவிடம் வேலை கற்றவர்.

"அவங்க பாட்டிலை வச்சு நம்ம மெஷினை நான் அளக்கணுமா?" என்றாள் பெரியக்கா. "என் உடம்புல ரத்தம் ஓடுற வரைக்கும் அந்தக் கதி நமக்கு வராது."

சின்னவள் வாயை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டாலும், புருவம் ஒன்று மட்டும் மேலே போய் இறங்கியது.

செவ்வாய்க்கிழமை மெஷின் நூற்று முப்பத்திரண்டு என்றது.

பெரியக்கா நோட்டைத் திறந்தாள். இருபத்தொரு வருடம். ஆயிரக்கணக்கான காலைகள். எல்லாம் ஒரே கோட்டில் நின்றன. ஒருபக்கம் அந்த நோட்டு, இன்னொரு பக்கம் பழைய பாகம் ஒன்றை வைத்துக்கொண்டு திணறும் மெஷின். எதை நம்புவது என்று அவள் யோசிக்கவே இல்லை. மெஷின் குறைத்துக் காட்டினால் அதைச் சரிசெய்ய மெஷினிலேயே ஓர் இடம் உண்டு. அதில் ஒரு திருத்த எண்ணைப் போட்டால், வருகிற ஒவ்வொரு முடிவோடும் மெஷின் அதைச் சேர்த்துச் சொல்லும். பெரியக்கா அதில் எட்டு என்று அடித்தாள். தன் சீரத்தை மறுபடி வைத்தாள். நூற்று நாற்பது.

"இப்ப பாரு" என்றாள் தம்பியிடம்.

தம்பி அவளைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். "அக்கா, நீ இருமிக்கிட்டே இருக்க."

"இருமினா என்ன, எனக்கு எண்ணத் தெரியாதா? வெளிய ஆளுங்க நிக்கிறாங்க, போ."

அன்று முப்பத்தொரு பேருக்குச் சோடியம் பார்த்தார்கள். முப்பத்தொன்றிலும் பெரியக்கா கையெழுத்துப் போட்டாள்.

புதன்கிழமை காலை அவள் கால் கொஞ்சம் தள்ளாடியது. முதுகு மட்டும் நாற்காலியில் சாயவில்லை. தொண்டைக்கு இதமாக இருக்கிறது என்று நேற்று முழுக்க வெந்நீராகக் குடித்திருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. மெஷின் அவள் சோடியத்தை நூற்று முப்பத்தெட்டு என்றது. ஒன்றிரண்டு குறைவு, பரவாயில்லை என்று எழுதிவைத்தாள்.

பத்து மணி வாக்கில் சின்னவள் ஒரு கத்தை ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அண்ணி, ஒரு சந்தேகம். ஊரே சேர்ந்து கடல்ல போய்க் குடிச்சுட்டு வந்துச்சா?"

"என்ன உளறுற?"

"ரொட்டிக் கடைக்காரருக்கு நூத்தி நாப்பத்தெட்டு. அந்தப் பொண்ணு, நீச்சல் சொல்லிக் குடுக்குதே, அதுக்கு நூத்தி நாப்பத்தொம்போது. தபால்காரருக்கு நூத்தி நாப்பத்தேழு. இவங்க யாருக்கும் இருமல்கூட இல்ல, சும்மா வருஷத்துக்கு ஒருவாட்டி பாக்குறவங்க. எல்லாருக்கும் உப்பு ஏறிப்போயிருக்கு. காய்ச்சக்காரங்களுக்குத்தான் சரியா இருக்கு. போன வாரம் வரைக்கும் காய்ச்சக்காரங்களுக்குக் கம்மியா இருந்துச்சு, மத்தவங்களுக்குச் சரியா இருந்துச்சு."

"நீ எழுதுற வேலையைப் பாரு. அளக்குற வேலை என்னோடது."

"பாக்குறேன். ரொட்டிக் கடைக்காரர் இனிமே உப்பில்லாம ரொட்டி சுடுவாரு, அதையும் நாமதான் திங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள் சின்னவள்.

பெரியக்கா அந்தக் கத்தையைத் தொடவில்லை. ஆனால் அந்தப் பேச்சு காதில் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

பதினொரு மணிக்கு டாக்டரம்மாவின் போன் வந்தது. இரண்டு தெரு தள்ளிச் சிறிய ஆஸ்பத்திரி வைத்திருப்பவர் அவர். அப்பா காலத்திலிருந்து பழக்கம்.

"பெரியக்கா, ரிப்போர்ட் விஷயமா இல்ல, சும்மா ஒரு யோசனைக்குக் கூப்பிட்டேன். நம்ம பூட்டுக்காரர் ரெண்டு நாளா இங்க படுத்திருக்காரு. அதே இருமல் காய்ச்சல்தான். ஆனா நேத்து மத்தியானத்துலேர்ந்து ஆள் ஆளா இல்ல. கட்டிலுக்குச் சாவி எங்கன்னு கேக்குறாரு. பொண்டாட்டியை யாரோ கடைக்கு வந்த ஆள்னு நெனச்சு, உங்க பூட்டு நாளைக்குத்தான் ரெடியாகும், போயிட்டு வாங்கங்கிறாரு."

"வயசானவரு" என்றாள் பெரியக்கா மெதுவாக.

"அறுவத்தஞ்சுதான். நான் முதல்ல உப்புக் குறைஞ்சிருக்குமோன்னுதான் நெனச்சேன். இந்தக் காய்ச்சல்ல பலபேருக்கு அப்படி ஆகுது. ஆனா நேத்து உங்க ரிப்போர்ட் நூத்தி முப்பத்திரண்டுன்னு வந்துச்சு. அது லேசான குறைவு, அதுக்கு இவ்வளவு கொழப்பம் வராது. அதனால அதை விட்டுட்டேன். சாப்பிடலைன்னு சர்க்கரைத் தண்ணி டிரிப் போட்டிருக்கேன். தலையில என்னமோ இருக்குன்னு பயமா இருக்கு. மத்தியானம் வண்டி வச்சு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்னு பாக்குறேன். மூணு மணி நேரப் பயணம். வேற லேப் நம்பரா இருந்தா மறுபடி எடுக்கச் சொல்லியிருப்பேன். உங்க நம்பர், அதனால கேக்கல."

பெரியக்காவின் கண் குளிர்பெட்டியின்மேல் போய் நின்றது.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் டாக்டரம்மா. பத்து நிமிஷம் குடுங்க. நானே கூப்பிடுறேன்."

போனை வைத்தாள். கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டு எழுந்து குளிர்பெட்டியைத் திறந்தாள். ஏழு நாள் சீரத்தை அவர்கள் எடுத்துவைப்பது வழக்கம். மூடி போட்டு, பெயரும் தேதியும் ஒட்டி, வரிசையாக இருந்தன. ஒவ்வொரு நாள் வரிசையிலும் முதல் டியூப் அவளுடையது. போன வியாழக்கிழமை டியூபை எடுத்தாள். தொண்டை கரகரப்பதற்கு மூன்று நாள் முந்தைய ரத்தம். நோட்டில் அன்றைக்கு நூற்று நாற்பது என்று அவள் கையாலேயே எழுதியிருந்தது. குளிர்பெட்டியில் மூடி வைத்த சீரத்தில் சோடியம் ஒரு வாரத்தில் எங்கும் போய்விடாது.

மெஷினில் வைத்தாள். நூற்று நாற்பத்தெட்டு.

வெள்ளிக்கிழமை டியூபை வைத்தாள். நோட்டில் நூற்று நாற்பத்தொன்று. மெஷின் நூற்று நாற்பத்தொன்பது என்றது.

கூடுதலாக வந்தது சரியாக எட்டு. அவள் கூட்டிப்போட்ட அதே எட்டு. மெஷின் திங்கட்கிழமையும் உண்மைதான் சொல்லியிருக்கிறது, செவ்வாய்க்கிழமையும் உண்மைதான் சொல்லியிருக்கிறது. அவள் ரத்தம்தான் மாறியிருந்தது. அவள் அதைப் பொய் என்று சொல்லி, ஊரில் இருக்கிற எல்லோருடைய ரத்தத்தையும் தன் காய்ச்சலுக்குத் தக்கபடி வளைத்துவிட்டாள்.

நோட்டில் திங்கள் முதல் எழுதியிருந்த மற்ற எண்களை அவள் இப்போதுதான் பார்க்கிற மாதிரி பார்த்தாள். வெள்ளை அணு இறங்கியிருந்தது. ஈரல் எண் இரண்டு படி ஏறியிருந்தது. சர்க்கரை தொண்ணூற்றிரண்டிலிருந்து நூற்றிருபத்தொன்றுக்குப் போயிருந்தது. வேறு யாருடைய ரிப்போர்ட்டாவது இப்படி வந்திருந்தால், கதவருகே நின்றபடியே "இந்தக் காய்ச்சலுக்கு அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பியிருப்பாள். நூறு பேருக்குச் சொன்ன ஒன்று தன் உடம்புக்கும் நடக்கும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

திருத்த எண்ணை எடுத்துவிட்டு, பூட்டுக்காரரின் டியூபை வைத்தாள். நூற்று இருபத்து நான்கு.

தம்பி வாசலில் வந்து நின்றான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. "எவ்வளவுக்கா?"

"எட்டு. எல்லாருக்கும்."

அவள் போனை எடுத்தாள். தம்பி அவசரமாக வந்து போனின்மேல் கையை வைத்தான். "ஒரு நிமிஷம் இரு. என்ன சொல்லப்போற? எப்படிச் சொல்றதுன்னு..."

"அவரு கையில தண்ணி ஏறிக்கிட்டிருக்கு" என்றாள் பெரியக்கா. அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"டாக்டரம்மா, நான் குடுத்த நம்பர் தப்பு. பூட்டுக்காரருக்கு நூத்தி முப்பத்திரண்டு இல்ல, நூத்தி இருபத்து நாலு. நேத்து எடுத்த ரத்தத்துல நேத்தே அதுதான். இப்ப இன்னும் எறங்கியிருக்கலாம். தப்பு மெஷின்ல இல்ல. என்கிட்ட."

பிறகு டாக்டரம்மா போனை வாயிலிருந்து நகர்த்தி, "அந்த டிரிப்பை நிறுத்து, இப்பவே" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. மறுபடி போனுக்கு வந்தார். "புது ரத்தம் எடுத்து அனுப்புறேன். எவ்வளவு நேரத்துல சொல்லுவீங்க?"

"அரை மணியில. ஆனா அதுக்கு முன்னாடி மெஷினைப் பாட்டில் வச்சு சரிபாக்கணும். வெறும் என் வார்த்தை இன்னிக்கு போதாது."

இதைச் சொல்லிவிட்டு அவள் முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். சின்னவள் "நான் போறேன் அண்ணி" என்று எழுந்தாள். பெரியக்கா திரும்பிப் பார்க்காமல் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். மூலைக்கடை லேபின் படி நான்குதான். நான்கிலும் நின்று நின்று ஏறினாள்.

உள்ளே இருந்தவர் அவளைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவருக்கும் தலை நரைத்திருந்தது. "வாங்க பெரியக்கா. உக்காருங்க."

"உக்கார நேரமில்ல. ஒரு கன்ட்ரோல் பாட்டில் வேணும். எங்ககிட்ட தீர்ந்துபோச்சு. அது தீர்ந்த அன்னிக்கே வந்திருக்கணும், வரல. அதனால தப்பான ரிப்போர்ட் குடுத்துட்டேன்."

அவர் ஏன், எப்படி என்று எதுவும் கேட்கவில்லை. குளிர்பெட்டியிலிருந்து இரண்டு பாட்டில் எடுத்து, ஐஸ் பையில் சுற்றிக் கொடுத்தார். "ஒண்ணு குறைஞ்ச அளவு, ஒண்ணு சரியான அளவு. ரெண்டும் போட்டுப் பாத்துடுங்க. அப்பா அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு."

"தெரியும்" என்றாள் பெரியக்கா. வாசலைத் தாண்டும்போது நின்று, "நன்றி" என்றாள்.

இரண்டு பாட்டிலும் சரியாக ஒத்துப்போயின. மெஷினில் ஒரு குறையும் இல்லை. பூட்டுக்காரரின் புது ரத்தம் நூற்று இருபத்திரண்டு என்று வந்தது. டாக்டரம்மா அதைக் கேட்டு, "நல்லவேளை, வண்டி கெளம்பல" என்றார். "இதைச் சட்டுனு ஏத்தவும் கூடாது, மூளைக்கு ஆகாது. கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். நாலு மணி நேரத்துக்கு ஒருதடவை ரத்தம் அனுப்புவேன். நீங்க சொல்ற நம்பரைப் பாத்துதான் நான் மருந்தைக் கூட்டிக் குறைக்கணும். சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

"கிருமி நெஞ்சுல உக்காந்ததும் உடம்பு பயந்துபோய் தண்ணியை வெளிய விடாம பிடிச்சு வச்சுக்குது. உப்பு எங்கயும் போகல, தண்ணியில கரைஞ்சு நீர்த்துப்போயிடுது. மேல மேல தண்ணி ஊத்துனா இன்னும் நீர்க்கும். நானும் ஊத்திட்டேன் பாருங்க." டாக்டரம்மா சற்று நிறுத்தினார். "உங்க குரலே சரியில்ல. நீங்க எவ்வளவு வெந்நீர் குடிச்சீங்க?"

"அதை அப்புறம் பேசலாம்" என்றாள் பெரியக்கா.

இனி மற்றவர்கள். செவ்வாய் முப்பத்தொன்று, புதன் பதினொரு மணி வரை பதினான்கு. நாற்பத்தைந்து பேர். சின்னவள் பட்டியலை எடுத்து வைத்தாள். தம்பி கதவைச் சாத்தினான்.

"அக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு. பூட்டுக்காரர் விஷயம் சரி, உயிர் விஷயம். மத்தவங்கள்ல பாதிப்பேருக்கு இதால ஒண்ணும் ஆகாது. மெஷின் கோளாறுன்னு சொல்லி வேற ரிப்போர்ட் குடுத்துடுவோம். பொய்னும் சொல்ல முடியாது. மெஷின்லேர்ந்துதானே அந்த நம்பர் வந்துச்சு?"

"மெஷின் நான் சொன்னதைச் செஞ்சுது."

"ஊர்ல யாரு அவ்வளவு நுணுக்கமா பாக்கப்போறா? அப்பா நாப்பது வருஷம் கட்டுன பேரு இது. பெரியக்காவே தப்பு பண்ணிட்டான்னு ஆயிட்டா அப்புறம் நம்மகிட்ட என்ன இருக்கு?"

பெரியக்கா இருமி முடிக்கும்வரை அவன் காத்திருந்தான். அவள் பேசியபோது சத்தம் உயரவில்லை. "நம்ம வீட்டு ஆள் தப்பு பண்ணா நம்ம வீட்டு ஆளே சொல்லணும். அடுத்தவன் கண்டுபிடிச்சுச் சொன்னா அதுதான்டா அவமானம். அதோட, வாயில்லாத மெஷின் மேல பழி போட்டுட்டு நாளைக்கு அதே மெஷின் முன்னாடி நான் எப்படி உக்காருறது?"

"எழுதுறதுக்குக் காகிதம் பெருசா வேணுமா சின்னதா வேணுமா அண்ணி?" என்று சின்னவள் கேட்டாள்.

தம்பி மனைவியை முறைத்தான்.

"என்னை ஏன் முறைக்கிறீங்க? எப்படியும் ஒட்டப்போறாங்க. கண்ணு தெரியாதவங்களும் படிக்கிற மாதிரி ஒட்டட்டும்."

பெரியக்கா தன் கையாலேயே எழுதினாள். செவ்வாய்க்கிழமையும் புதன் காலையும் இங்கே கொடுத்த சோடியம் அளவு எட்டு கூடுதலாக இருக்கிறது. எனக்குக் காய்ச்சல் இருந்தபோது என் ரத்தத்தை வைத்து மெஷினைத் திருத்தியதால் வந்த பிழை. பிழை என்னுடையது. ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தால் சரியான அளவு தருகிறோம், தேவைப்பட்டால் மறுபடி ரத்தம் எடுக்கிறோம். கீழே முழுக் கையெழுத்து. சின்னவள் அதைக் கண்ணாடிக் கதவின் வெளிப்பக்கம், கண் மட்டத்தில் ஒட்டினாள்.

நாற்பத்தைந்து பேருக்கும் போன் போட்டார்கள். சிலர் சரி என்றார்கள். ஒருவர் கத்தினார். ரொட்டிக் கடைக்காரர், "நேத்துலேர்ந்து உப்பில்லாம தின்னு நாக்கு செத்துப்போச்சு, அதுக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். "நான்தான்" என்றாள் பெரியக்கா. காய்ச்சல்காரர்கள் இரண்டு பேருக்கு எண் கவலைப்படும்படி இருந்தது. அவர்களைத் தம்பியே வண்டியில் ஏற்றி டாக்டரம்மாவிடம் கொண்டுபோய் விட்டான். திரும்பி வந்து, "அவங்க ரெண்டு பேரும் வீட்லயே கெடந்திருப்பாங்கக்கா" என்று மட்டும் சொன்னான். மெஷின் கோளாறு என்ற பேச்சை அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை.

சாயங்காலம் பெரியக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். முகக்கவசத்தோடு அறை வாசலிலேயே நின்றாள். பூட்டுக்காரர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். விரல்கள் மட்டும் போர்வையின்மேல் எதையோ திருகிக்கொண்டிருந்தன. பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் லேப்லேர்ந்து..."

"தெரியும். டாக்டர் சொன்னாங்க."

"தப்பு என்னோடது."

அந்த அம்மாள் கணவனின் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு, "நேத்து சாயங்காலம் இவரைத் திட்டுனேன்" என்றாள். "நாப்பது வருஷம் ஒண்ணா இருந்துட்டு என்னையே யாருன்னு கேக்குறியேன்னு திட்டுனேன். வேணும்னே வீம்பு பண்றாருன்னு நெனச்சேன். உப்பு லேசாத்தான் குறைஞ்சிருக்குன்னு காகிதத்துல போட்டிருந்துச்சே. காகிதத்தை நம்பினேன், இவரை நம்பல."

பெரியக்கா நின்று கேட்டுக்கொண்டாள். சுவரைப் பிடிக்காமல் நின்றாள்.

வெளியே வந்தபோது டாக்டரம்மா அவள் தோளைப் பிடித்து ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, அவள் மறுக்க முடியாதபடி கையில் பட்டையைக் கட்டினார். பெரியக்காவின் சோடியம் நூற்று முப்பது. "அஞ்சு நாள் படுக்கை. வெந்நீர் அளந்துதான்" என்றார் டாக்டரம்மா. அந்தக் குடும்பத்தில் லீவு என்ற சொல்லுக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் படுத்தாள். தம்பி மெஷினில் உட்கார்ந்தான். மூலைக்கடைப் பாட்டிலைக் கொண்டுதான் தினமும் தொடங்கினான். பூட்டுக்காரரின் எண் ஒவ்வொரு முறை வந்ததும் சின்னவள் போனில் அவளுக்குச் சொன்னாள். நூற்று இருபத்தைந்து. நூற்று இருபத்தெட்டு. நூற்று முப்பத்தொன்று. பெரியக்கா ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாள். லேபில் கூட்டம் எப்படி என்று கேட்கவில்லை. சின்னவளாகவும் சொல்லவில்லை. அதிலிருந்தே குறைந்திருக்கிறது என்று தெரிந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்கு வந்தாள். முன்னறையில் இரண்டே பேர் உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணிக்குக் கதவு திறந்தது. பூட்டுக்காரர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். மெலிந்திருந்தார், கண் தெளிவாக இருந்தது. சின்னவள் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டாள்.

"கடைசியா ஒருவாட்டி பாக்கச் சொன்னாங்க" என்று சீட்டை நீட்டினாள் மனைவி. "எங்க வேணா பாக்கலாம்னாங்க டாக்டர். நான் மூலைக்கடைக்குப் போலாம்னேன். இவருதான் கேக்கல."

"எத்தனையோ கடைக்காரனைப் பாத்திருக்கேன்" என்றார் பூட்டுக்காரர். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "வித்த பூட்டு சரியில்லன்னு தானா வந்து சொன்னவனை நான் பாத்ததில்ல. அப்படி ஒரு ஆளு இருக்கான்னு பாக்கத்தான் வந்தேன்."

"இவரு மன்னிச்சுட்டாரு" என்றாள் மனைவி. "நான் இன்னும் மன்னிக்கல. அதையும் சொல்லிடுறேன்."

"சரி" என்றாள் பெரியக்கா.

"ரத்தம் எடுங்க. ஆனா காகிதத்துல வேணாம். நம்பரை நீங்களே வந்து என்கிட்ட வாயால சொல்லணும்."

தம்பி ரத்தம் எடுத்தான். பெரியக்கா உள்ளே போனாள். முதலில் குறைந்த அளவு பாட்டில், பிறகு சரியான அளவு பாட்டில், பிறகு பூட்டுக்காரரின் டியூப். எண் வந்ததும் அதே டியூபை இன்னொரு முறை வைத்தாள். இரண்டு முறையும் ஒன்றே வந்தது. கைகழுவித் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். அந்த அம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துகொள்ளவில்லை. பெரியக்கா அவளுக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

"நூத்தி முப்பத்தேழு" என்றாள்.

அந்த அம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். "சரி" என்று சொல்லிவிட்டுக் கணவனின் கையைப் பிடித்து எழுப்பினாள்.